முப்பத்தொன்று சரி

குடைக்காரர் அந்த மணிக்கூண்டின் அடியில் நாற்பத்தாறு தடவை நின்றிருக்கிறார். ஆனால் அதன் முள் கறுப்பா பொன்னிறமா என்று கேட்டால், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி திருதிருவென்று விழிப்பார். நாற்பத்தாறு தடவையும் மணிக்கூண்டைப் பார்த்தது அவருடைய முதுகு. முகம் கூட்டத்தின் பக்கம் இருந்தது.

அவருடைய பிழைப்பு அப்படி. டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த டூர் கம்பெனியில் அவர் மேனேஜர். மேனேஜர் என்றால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வெளிதேசம் போய், பத்து நாளில் ஐந்து நகரம், ஒவ்வொன்றிலும் உலகமே வந்து பார்க்கிற ஒரு கோட்டை, ஒரு பாலம், ஓர் அரண்மனை என்று காட்டி, போனவர்கள் அத்தனை பேரையும் கை கால் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர். கையில் எப்போதும் மஞ்சள் குடை. மழை கொட்டினாலும் விரிக்க மாட்டார். அது தூக்கிப் பிடிப்பதற்கு. குடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் நீங்கள் தொலையவில்லை என்று அர்த்தம்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவரை நெடுஞ்சாலைக் கழிப்பறையில் விட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அந்த மனுஷர் ஒரு காய்கறி லாரியில் ஏறி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே தானும் ஒரு மூட்டையாக வந்து சேர்ந்தார். முதலாளி போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தத் தலை எண்ணும் வியாதி. வண்டி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பயணியின் சீட்டிலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை நடந்து வருவார். ஒவ்வொரு சீட்டின் முதுகையும் இரண்டு விரலால் தட்டுவார். உதடு அசையும், சத்தம் வராது. முன்னால் வந்ததும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி, "சரி" என்பார். அந்த ஊர் டிரைவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை அது. காதில் விழுந்த உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவியைத் தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பார். முன்னறை முழுக்க நீலத்துணி. குடைக்காரர் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் மெஷின் நிற்கும்.

"எப்படிங்க இருந்தது?"

"பிரமாண்டம்."

"போன தடவையும் அதேதான் சொன்னீங்க. அரண்மனை வாசல்ல சிங்கம் இருக்கே, போட்டோவுல பாதிதான் தெரியுது. வாயைத் திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"திறந்துதான்."

"பல்லு தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. வந்ததும் வராததுமா அதுக்குப் பல் வைத்தியம் பாக்கணுமா? டீயைப் போடும்மா."

சிங்கத்தை அவர் பார்த்ததே இல்லை. கட்டி எத்தனை வருஷம், எத்தனை அடி உயரம், எத்தனை ராஜா இருந்தான் என்பதெல்லாம் கைடு சொல்லிச் சொல்லிக் காதில் ஏறியிருந்தது. மற்றதற்கெல்லாம் வாயில் வந்ததை அடித்துவிடுவார். டெய்லரம்மாவும் அதைத் துணியை அளக்கிற மாதிரி கவனமாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார்: "ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பாக்கலாம்."

"அடுத்த சீசன்ல பாக்கலாம்."

இப்படியே பத்தொன்பது சீசன் ஓடிவிட்டது. இருபதாவது சீசனில் முதலாளிக்கே மனசு இரங்கியது. முப்பது பேருக்கு மேல் சேர்ந்தால் கம்பெனிக்கு ஒரு சீட்டு இலவசம். "வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போய்யா" என்றார். "ஆனா மேனேஜர் பொண்டாட்டியோட ஊர் சுத்துறான்னு ஒரு பேசஞ்சர்கூட வாயைத் திறக்கக்கூடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் குடைக்காரர் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். டெய்லரம்மாவை உட்காரவைத்துச் சட்டதிட்டங்களை வாசித்தார். பேர் பட்டியலில் வராது. உட்காருவது பஸ்ஸின் கடைசியில், தண்ணீர் பாட்டில் பெட்டிகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில். சாப்பாடு எல்லோருக்கும் கடைசியில். பாஸ்போர்ட் அவர் பையில். அப்புறம் முக்கியமானது: மற்றவர்கள் முன்னால் "என்னங்க" கூடாது, "சார்."

"புருஷனை சாருன்னா கூப்பிடணும்?"

"பஸ்ஸுக்குள்ள மட்டும்தாம்மா."

"சரிங்க சார்" என்றார் டெய்லரம்மா. குரலில் விஷமம் இருந்தது. குடைக்காரர் கவனிக்கவில்லை.

முதல் நாள் பஸ்ஸில் எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி கப்சிப்பென்று இருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சார், ஒரு சந்தேகம் சார். இந்தக் குடையைத் தூங்கும்போதாவது கீழ வைப்பீங்களா சார்?"

பஸ் சிரிப்பில் குலுங்கியது. அதுவரை கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடைக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாளைக்குள் டெய்லரம்மா யாரென்று பஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. பதினேழாம் சீட்டு அம்மாவின் அறுந்த பையைக்கூட அவர் தைத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அரண்மனை. வாசலில் குடையைத் தூக்கிப் பிடித்தபடி, வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். டெய்லரம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"வாய் மூடித்தான் இருக்கு."

"என்னது?"

"சிங்கம்."

குடைக்காரர் அப்போதும் திரும்பவில்லை. "முன்னாடி திறந்திருந்தது" என்றார். "இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு..."

டெய்லரம்மா சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுபோயிற்று. "இத்தனை வருஷமா இப்படித்தான் நின்னீங்களா?" என்று கேட்டார். திட்டுகிற மாதிரி இல்லை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நாளைக்கு அந்தப் பெரிய மண்டபம் வருதில்ல? அதை மட்டும் என்கூட நின்னு பாருங்க. பத்து நிமிஷம் போதும். குடை வேணாம், எண்ண வேணாம். அதுக்கப்புறம் ஊரு திரும்புற வரைக்கும் சாருன்னே கூப்பிடுறேன்."

குடைக்காரருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "சரி. சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரையும் கடைப்பக்கம் விட்டுட்டு வர்றேன். ரெண்டு மணிக்கு நீ படிக்கட்டோட மேல் படியில நில்லு. எங்கயும் நகராத. நான் வந்து சேர்ந்துக்கிறேன்."

இதில் ஒரு குழப்பமும் இல்லை. இடம், நேரம், படி எல்லாவற்றையும் அவரேதான் சொன்னார்.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு ஹெட்மாஸ்டர் கடைவீதியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கணுக்கால் வீங்கியது. ஐஸ் தேடி ஓடி, துணி கட்டி, தோளில் சாய்த்துப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் குடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மழை. கடைப்பக்கம் போனவர்கள் அத்தனை பேரும் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வந்துவிட்டார்கள். பஸ் அங்கே நிற்பதற்குப் பத்து நிமிஷம்தான் அனுமதி. சீருடை போட்ட ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். டிரைவர் கையை விரித்தார். மூன்று மணிக்குக் கிளம்பவேண்டிய அடுத்த ஊருக்கு இப்போதே கிளம்பிவிடலாம் போலிருந்தது. எல்லோரும் வந்துவிட்டார்களே.

குடைக்காரர் பின்னால் போனார். முப்பத்தொன்றாம் சீட்டிலிருந்து தட்டிக்கொண்டே முன்னால் வந்தார். அந்தச் சீட்டுக்குப் பின்னால்தான் பெஞ்சு. அவர் முதுகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தொன்று. சரி."

பஸ் கிளம்பிவிட்டது.

நாலு மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை மாதிரி இடத்தில் நிறுத்தினார்கள். காலையில் ஹோட்டலில் கொடுத்தனுப்பிய பிஸ்கட் பொட்டலங்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார் குடைக்காரர். கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஹோட்டல்காரன் கூடுதலாக ஒன்று வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார். பசி வேறு. பிரித்துத் தின்றார். இரண்டு பிஸ்கட் உள்ளே போய், மூன்றாவதைக் கடிக்கும்போது பதினேழாம் சீட்டு அம்மா கேட்டார்:

"என்ன சார், வீட்டம்மா இறங்கலையா? தூங்கிட்டாங்களா?"

குடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவருடைய எண்ணிக்கை தப்பே இல்லை. இருபது வருஷமாகத் தப்பாத எண்ணிக்கை.

செய்தி பரவியதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வண்டியைத் திருப்புங்கள் என்றார் ஒருவர். திருப்பினால் டிரைவர் சட்டப்படி ஓட்டக்கூடிய நேரத்தைத் தாண்டிவிடும், அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டெய்லரம்மாவின் போன் அந்த நாட்டில் வேலை செய்யாது. பாஸ்போர்ட் இங்கே, மஞ்சள் குடைக்குப் பக்கத்துப் பையில்.

ஹெட்மாஸ்டர் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். "சார், அதோ டாக்சி நிக்குது. நீங்க கிளம்புங்க. இவங்களை நான் ஹோட்டல்ல கொண்டுபோய்ச் சேக்குறேன். ரெண்டாயிரம் வாலுங்களைக் கட்டி மேய்ச்சவன், இந்த முப்பது பேரை மேய்க்க மாட்டேனா?"

"மேனேஜர் குரூப்பை விட்டுட்டுப் போகக்கூடாது சார். ரூல்."

"யோவ், பொண்டாட்டிய்யா!" என்று கத்தினார் ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்கிற குரல் அது.

டாக்சி நின்றுகொண்டிருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. குடைக்காரர் அதைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். முட்டைக்கோஸ் மூட்டையோடு வந்த மனுஷர் நினைவுக்கு வந்திருக்கலாம். முதலாளியின் குரலும் கேட்டிருக்கலாம். என்ன இருந்தாலும், அவர் டாக்சியிடம் போகவில்லை. போனை எடுத்து அந்த ஊர் கைடைக் கூப்பிட்டார். வேலை முடிந்து ஊரின் அந்தக் கோடியில் இருந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்த அந்தப் பெண், "உடனே கிளம்புறேன். அவங்க என்ன கலர்ல டிரெஸ் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

குடைக்காரர் வாயைத் திறந்தார். ஒன்பதாம் சீட்டு சிவப்புத் தொப்பி. இருபத்திரண்டாம் சீட்டு பச்சைச் சட்டை. ஹெட்மாஸ்டர் பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில் ஒட்டு. முப்பத்தொரு பேரையும் இருட்டில் நிறுத்தினாலும் சொல்லிவிடுவார்.

"எனக்கு... ஞாபகம் இல்ல" என்றார்.

பதினேழாம் சீட்டு அம்மாதான் போனைப் பிடுங்கிச் சொன்னார்: "ஊதாப் புடவை, மேல வெள்ளை ஸ்வெட்டர். புதுசா ஷூ போட்டிருப்பாங்க, கடிக்குதுன்னு காலையில சொன்னாங்க."

கைடு போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால். டெய்லரம்மா மேல் படியில் நின்றுகொண்டிருந்தார். நகராதே என்று சொல்லியிருந்தார்களே, நகரவில்லை. மழைக்குக்கூடத் தூணோரம்தான் ஒதுங்கினாராம். கைடு அவரை ரயிலில் ஏற்றித் தானும் கூடவே வந்து, ஏழு மணிக்கு அடுத்த ஊர் ஹோட்டல் வாசலில் கொண்டுவந்து விட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் எழுந்துவிட்டார்கள். சிலர் கை தட்டினார்கள். பதினேழாம் சீட்டு அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். டெய்லரம்மா அவரைத் தட்டிக்கொடுத்து, "அட, நான் என்ன காணாமலா போனேன்? நான் நின்ன இடத்துலதான் நின்னேன். நீங்க எல்லாரும்தான் காணாமப் போயிட்டீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குடைக்காரரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

எல்லோருக்கும் டெய்லரம்மாவே கதை சொன்னார். மண்டபத்தின் நெற்றியில் பன்னிரண்டு கல் மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்களாம். ஏழாவது ஆளுக்கு ஒரு காலில் மட்டும்தான் செருப்பு. மழை நின்றதும் வெயில் இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாக ஏறிக்கொண்டு வருமாம். ஹெட்மாஸ்டர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அறைக்கு வந்த பிறகு குடைக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். டெய்லரம்மா ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலும் தோல் உரிந்து கிடந்தது.

"கோவமா?"

"இல்லீங்க. மழையில வண்டிய எடுக்கச் சொல்லி விரட்டியிருப்பாங்க. அது தெரியாதா எனக்கு? பஸ்ஸு போனது மேல நின்னா தெரிஞ்சுது. சரி, சுத்திக்கிட்டு வருவீங்கன்னு நினைச்சேன்."

"எண்ணினேம்மா. சரியா இருந்தது."

"ம்."

டெய்லரம்மா குதிகாலைத் தடவிக்கொண்டார். பிறகு, பாவாடைக்கு அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு வந்து என் தோளைத் தொட்டப்ப, அவ பின்னாடி நீங்க நிப்பீங்கன்னு எட்டிப் பாத்தேன். அது ஒண்ணுதான்."

அதோடு சரி. அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சார் என்றே கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் விஷமம் இல்லை. குடைக்காரர் கவனித்தார்.

ஊருக்கு வந்து மெஷின் ஓடத் தொடங்கியது. குடைக்காரர் அடுத்தடுத்த டூர் போனார், வந்தார். பெட்டியோடு உள்ளே நுழைந்தால் டெய்லரம்மா, "வாங்க, டீ போடட்டா?" என்பார். டீ நன்றாக இருக்கும். எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. ஒரு தடவை இவரே ஆரம்பித்தார்: "அந்தப் பாலத்துல இந்தத் தடவை நானே நின்னு பாத்தேன், கீழ வாத்து..." டெய்லரம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே "அப்படியா" என்றார். வாத்துக் கதை அங்கேயே மூழ்கிவிட்டது.

இருபத்திரண்டாவது சீசன் முடிந்ததும் குடைக்காரர் முதல்முறையாக லீவு போட்டார். முதலாளி பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அடுத்த டூர் பட்டியலில் தங்கள் இரண்டு பேருடைய பேரையும் முறையாக எழுதி, ஒன்றாம் சீட்டு, இரண்டாம் சீட்டு என்று போட்டு, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பரீட்சையில் பாஸானவன் மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோல் மெஷின்மேல் வைத்தார்.

டெய்லரம்மா எடுத்து நிதானமாகப் படித்தார். முகம் ஒரு கணம் இளகியது. பிறகு மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. நீங்கதான் பாக்கல."

"நீ இல்லாம நான் எதுக்கும்மா?"

"எனக்கு அங்க நின்னது போதுங்க. திரும்பப் போனா மண்டபத்தைப் பாக்குறதுக்குப் பதிலா உங்களையே பாத்துக்கிட்டு நிப்பேன், எப்ப கிளம்பிடுவீங்களோன்னு."

அவர் கெஞ்சினார், ஒரு வாரம் கெஞ்சினார். டெய்லரம்மா கோபிக்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நானூறு பாவாடை இருக்கிறது என்றார். அது உண்மையும்தான்.

கடைசியில் குடைக்காரர் தனியாகப் போனார். வேறொரு மேனேஜர் கையில் வேறொரு கலர் குடை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தார். மண்டபம் வந்ததும் மேனேஜரிடம், தான் ரயிலில் வந்து சேர்ந்துகொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணிக்கு மேல் படியில் ஏறி நின்றார்.

நின்று பார்த்தார். பெரிதாகத்தான் இருந்தது. முதல் வேலையாகக் கல் மனிதர்களை எண்ணிவிட்டார். பன்னிரண்டு. சரி. எண்ணி முடித்ததும் போகவேண்டும்போல் காலை எடுத்துவிட்டார். மணி இரண்டு நாலு. தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி நின்றார். பார்ப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கல்லைப் பார்த்தால் அடுத்த கல்லுக்குப் போக அவசரம். ஜோடி ஜோடியாக வந்தவர்கள் அவர் சும்மா நிற்பதைப் பார்த்து கேமராவை நீட்டினார்கள். எட்டு ஜோடிகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் மண்டபம் அவர் முதுகுப் பக்கம் போய்விட, மறுபடி திரும்பி நின்றார்.

ஒரு மணி நேரத்தில் முழங்கால் கடுத்தது. இரண்டாவது மணி நேரத்தில் இடுப்பு. உட்காரலாம் என்று தோன்றியபோது, டெய்லரம்மா உட்கார்ந்தாரா என்று தான் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதனால் உட்காரவில்லை. கீழே பஸ்கள் வந்தன, நிரம்பின, போயின. இத்தனை உயரத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸும் திரும்புவது தெளிவாகத் தெரிந்தது. கூட்டத்தில் தெரிந்த முகம் ஏதாவது மேலே ஏறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் தன் கண்ணை அவரால் மண்டபத்தின் பக்கம் திருப்பவே முடியவில்லை.

ஐந்தேகாலுக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்தான். சின்ன வயசுப் பையன்தான். மூன்று மணி நேரமாக இவரைக் கவனித்திருப்பான் போலிருக்கிறது.

"மூடப்போறோம் ஐயா. யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று அந்த ஊர் பாஷையில் கேட்டான். இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்கு இவருக்குப் புரியும்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ஆமா" என்று வந்துவிட்டது.

"அவங்களுக்கு இந்த இடம் தெரியுமா?"

"நல்லாவே தெரியும்" என்றார் குடைக்காரர்.

அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, காவலாளி முதலில் அந்தப் பக்கத்துக் கதவைப் பூட்டப் போனான்.